தண்ணித்தொட்டித் தெருவின் இங்கிலீஷ் பாத்திரங்கள்

எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர் அது. அந்த ஊரில் தண்ணித்தொட்டித் தெரு என்று ஒரு தெரு, அந்தத் தெருவில் சந்தனமாரி என்று ஒருத்தி. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்வந்த அவள், தை மாதம் தண்ணீர் வரும் நாளொன்றில், வெளுக்கிற நேரத்தில் எழுந்துபோய்த் தன் ஏழு குடங்களையும் தெருக்குழாயில் வரிசை போட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். எட்டு இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் எண்ணினாள், அப்போதும் எட்டுதான். எட்டாவதாக நின்றது ஒரு சின்ன டம்ளர்.

பித்தளை என்று சொல்ல முடியாது, வெண்கலமும் இல்லை, எவர்சில்வர் நிச்சயமாக இல்லை. விளிம்புக்குக் கீழே, பாத்திரக்கடைக்காரர் பெயர் வெட்டிக் கொடுப்பதுபோலப் புள்ளி புள்ளியாக எழுத்துகள் இருந்தன, ஆனால் இங்கிலீஷ் எழுத்துகள். சந்தனமாரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆல்ஸோ. முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் அந்தச் சொல்லைப் படித்திருந்தாள். பக்கத்து வீட்டு முப்பிடாதி கடைக்குப் புறப்பட்டபோது, சும்மா விளையாட்டுக்கு, "ஐ ஆல்ஸோ" என்று சொல்லிக்கொண்டே பின்னால் செருப்பை மாட்டியிருந்தாள்.

வரிசையில் நின்ற பெண்கள் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாருக்கும் பயமில்லை. இருபது வருஷமாக எட்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வருவதை நம்பி வாழ்கிறவர்களுக்கு, கேட்காமலே ஒரு டம்ளர் வருவது பெரிய காரியமாகப் படவில்லை. "யாரு வச்சதோ, ஒம்பேர்ல வந்திருக்கு, வச்சுக்கோ மதினி. ஆனா மொத ஆளா நான் குடிச்சுப் பாக்கேன்" என்று முப்பிடாதி ஒரு மடக்குக் குடித்தாள். குடித்ததும், மூணாம் வகுப்போடு நின்றுபோன அந்த முப்பிடாதி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு "ஐ ஆல்ஸோ கோ ஹோம்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது இங்கிலீஷ் என்று அவளுக்கே உறைத்தது.

சந்தனமாரி எதற்காக நாற்பத்தொரு வயசில் இங்கிலீஷ் படிக்கக் கிளம்பினாள் என்பது தெருவுக்கே தெரியும். அவளுக்குப் பொன்மாரி என்று ஒரே தங்கச்சி. கல்யாணமாகிக் கடல்தாண்டிப் போனவள், மார்கழியில் இரண்டே நாள் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாள். ஒன்பது வயசில் ஒரு மகள், தாரிணி. 'பெரியம்மா' என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாது. ரெண்டு பாஷை பேசினால் குழந்தைக்கு நாக்கு குழம்பும் என்று அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு, பொன்மாரி அவளிடம் இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்த்துவிட்டாள். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் சந்தனமாரி "ஹலோ, சாப்டியாம்மா?" என்பாள், பிள்ளை கையை ஆட்டிவிட்டு ஓடிவிடும். அவ்வளவுதான் உறவு.

தாரிணியின் அப்பா ராஜதுரைக்குக் கடலுக்குள் எண்ணெய்க்கிணற்றில் வேலை. போனால் ஒன்றரை மாதம் கரைக்கு வர முடியாது. தை பிறந்ததும் அவர் போன் செய்தார். "மதினி, சித்திரையில எட்டு நாள் லீவுல கூட்டிட்டு வாரேன். உங்ககூட ஒட்டிக்கிட்டான்னா உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். ஒட்டலைன்னா மலையில ஒரு இங்கிலீஷ் ஹாஸ்டல் பேசி வச்சிருக்கேன். பேச ஆளில்லாத வீட்டுல பிள்ளைய விட்டுட்டுப் போக எனக்கு மனசு கேக்காது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் அது சந்தனமாரிக்கு அவ்வளவு வலித்தது. தனக்குப் பிள்ளை இல்லை, தங்கச்சியும் இல்லை, மிச்சம் இருப்பது இந்த ஒன்று. அதையும் மலைக்கு ஏற்றிவிட்டால் அப்புறம் யாருக்காக விடியற்காலையில் எழுந்து ஏழு குடம் தண்ணீர் பிடிப்பது?

தெருக்கோடியில் ஜெபசிங் சார் இருந்தார், முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். "சாரைக் கூப்பிட்டுக்கிட்டா என்ன?" என்று அவள் புருஷன் இசக்கிமுத்து கேட்டான். "சாரு வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போயிருவாரு. மிச்ச இருபத்துமூணு மணி நேரம் பிள்ளை செவத்துகிட்டயா பேசும்?" என்றாள். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அட்டையில் கோட்டு போட்ட ஆள் சிரிக்கிற ஒரு புத்தகத்தை வாங்கிவந்தாள்.

டம்ளர் வந்த மறுநாள் முதல், பாத்திரங்கள் வாசல்படியிலேயே வரத் தொடங்கின, கழுவிக் கவிழ்த்தினாற்போல, கோலத்துக்குப் பக்கத்தில். விதிகளைத் தெரு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் மனப்பாடம் செய்தால் மட்டும் பாத்திரம் வராது. அதை வைத்துத் தானாக ஒரு வாக்கியம், உண்மையான ஒரு வாக்கியம், ஒரு ஆளிடம் சொல்லியிருக்க வேண்டும். வந்த பிறகு அந்தச் சொல் மண்டையில் தங்காது, பாத்திரத்துக்குள் குடிபோய்விடும். தண்ணீர் ஊற்றிக் குடித்தால்தான் நாக்குக்கு வரும். யார் குடித்தாலும் வரும், அன்று பொழுது சாயும்வரை நிற்கும். 'பிகாஸ்' ஒரு கரண்டியாக வந்தது. 'ஸ்லோலி' மூக்குள்ள சொம்பாக, மெதுவாக மட்டும் ஊற்றுவதாக வந்தது. 'ரிமெம்பர்' தூக்குவாளியாக வந்தது, தூக்கினால் கை கடுத்தது.

பிறகு தெருவே படித்தது. கம்பெனியில் மிட்டாயை எண்ணிப் பாக்கெட்டில் போட்டபடி படித்தார்கள், ரேஷன் வரிசையில் படித்தார்கள், கோயில் கொடைக்குக் கும்மியடிக்கப் பழகும்போது மேளத்துக்கு ஏற்ப 'பில்லோ என்றால் தலையணை, வில்லேஜ் என்றால் கிராமம்' என்று படித்தார்கள். கறிவேப்பிலை கேட்கிற மாதிரி சொல் கேட்டார்கள். "மதினி, கேஸ் ஆபீஸ்காரன் இங்கிலீஷ்ல பேசுதான், ஒரு 'டிலே' தாங்க, சாயந்தரம் கழுவித் தாரேன்" என்று சுவர் மேலே கை நீளும். மாறிப்போகாமல் இருக்க அவரவர் பாத்திரத்தில் அவரவர் பெயரை வெட்டிக்கொண்டார்கள். மேலத்தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் பதினொரு சொல் சீர் கொண்டுபோனான், அதில் மூன்று வினைச்சொல் என்று ஊரே மெச்சியது.

ஜெபசிங் சாருக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே எல்லாச் சொல்லும் தெரியும் என்பதால் வாசலுக்கு ஒரு கிண்ணம்கூட வரவில்லை. ரோஷத்தில் அகராதியின் கடைசிப் பக்கங்களுக்குப் போய், வெள்ளைக்காரனே மறந்துபோன ஒரு சொல்லைக் கற்று, அதைத் தன் மனைவியிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லியும் விட்டார். மறுநாள் அண்டா ஒன்று வந்து வாசலை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் சாரும் அவர் மனைவியும் கொல்லைப்புறம் வழியாகத்தான் போய்வந்தார்கள்.

இங்கேதான் தெரு ஒரு காரியம் செய்தது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. நல்ல பாத்திரத்தை நாம் புழங்க மாட்டோம். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டு பேத்தி கல்யாணம்வரை அட்டைப்பெட்டியிலேயே இருக்கும், புது டிவி ரிமோட்டு பிளாஸ்டிக் உறையோடேயே சாகும், பூப்போட்ட கண்ணாடி டம்ளர் ஷோகேஸில் இருந்து நம்மை வேடிக்கை பார்க்க, நாம் நெளிந்த டம்ளரில் காபி குடிப்போம். நல்லது எல்லாம் வரப்போகிறவர்களுக்கு.

பங்குனியில் ராஜதுரை தேதி சொன்னதும், சந்தனமாரி சுவர் மேலே சொல் கொடுப்பதை நிறுத்தினாள். "கோவிச்சுக்காத முப்பிடாதி. பிள்ளை வாரப்போ புதுக்கருக்கு மாறாம இருக்கணும்லா" என்றாள். முப்பிடாதி கோபித்துக்கொள்ளவில்லை. கோபிப்பதற்குப் பதிலாக, தாயில்லாப் பிள்ளைக்கு நாமும் ஏதாவது செய்யணும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு சொல், உள்ளதிலேயே உயர்ந்த சொல், என்று தெருவே கற்று, சிவப்புத் தாள் சுற்றிச் சந்தனமாரி வீட்டில் இறக்கியது. 'ஹாஸ்பிட்டாலிட்டி' ஒரு பெரிய தாம்பாளம். 'அஃபெக்ஷன்' மூடிபோட்ட வெள்ளைச் செம்பு, முப்பிடாதி கொடுத்தது. 'மேக்னிஃபிசன்ட்' ஒரு குத்துப்போணி, 'கன்சோல்' ஒரு நீள மூக்குக் கெண்டி. 'மதர்லி' என்பதை யார் கொடுத்தார்கள் என்று பெயர் வெட்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் இசக்கிமுத்து செய்துகொடுத்த கண்ணாடி ஷோகேஸில் அடுக்கி, மெழுகுத்தாள் சுற்றி, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள் சந்தனமாரி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.

"பிள்ளை வாரதுக்கு வீடு ரெடி பண்ணுதியா, இல்ல கண்காட்சி போடுதியா?" என்று இசக்கிமுத்து கேட்டான்.

"ஒங்களுக்கு என்ன தெரியும். ஒண்ணுமே கீறல் விழாம இருக்கு பாருங்க" என்றாள் பெருமையாக.

அந்த முதல் டம்ளரை மட்டும் அவள் ஷோகேஸில் வைக்கவில்லை. 'ஆல்ஸோ' என்பது என்ன சொல், தமிழில் அது முழுச் சொல்கூட இல்லை, நான் என்பதன் வாலில் ஒட்டுகிற ஒரு 'உம்', அதைப் போய்க் கண்ணாடிக்குள் வைப்பார்களா? வெயில் காலமாயிற்றே, போகிறவர் வருகிறவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று சங்கிலி போட்டுக் குழாயடியில் தொட்டிப் பக்கத்தில் கட்டிவிட்டாள். தபால்காரர் குடித்தார், ஐஸ் வண்டிக்காரர் குடித்தார், பள்ளிப்பிள்ளைகள் குடித்துவிட்டு 'ஐ ஆல்ஸோ, ஐ ஆல்ஸோ' என்று ஒருவர் பின்னால் ஒருவர் ஓடினார்கள். சுவரில் மோதி நெளிந்து, கீழே விழுந்து சொட்டையாகி, எழுத்துப் புள்ளிகள் பாதி தேய்ந்தே போயின.

சித்திரையில், தண்ணீர் வந்த நாளுக்கு மறுநாள், கார் வந்து நின்றது. தெரு முழுக்க வாசலில் நின்றது. தாரிணி இறங்கினாள். பொன்மாரியின் நெற்றி, பொன்மாரியின் முட்டிக்கால், மாரோடு அணைத்த ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பா. சந்தனமாரிக்குக் கட்டிப்பிடிக்கத்தான் கை பரபரத்தது, ஆனால் முதலில் நல்ல சொல்லாக நாலு சொல்ல வேண்டும் என்று உள்ளே ஓடி, ஷோகேஸைத் திறந்து, மெழுகுத்தாளைப் பிரித்தாள்.

செம்பு கறுத்திருந்தது. தாம்பாளம் கறுத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க, அடுப்பில் கிடந்த சட்டிபோல எல்லாமே கறுத்திருந்தன, ஒரு கீறல்கூட இல்லாமல். அவள் 'வெல்கம்' என்ற கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். வெறும் தண்ணீர். 'ஹாஸ்பிட்டாலிட்டி'யைத் தூக்கிக் குடித்தாள். வெறும் தண்ணீர். 'அஃபெக்ஷன்', 'ரிமெம்பர்', 'ஸ்லோலி', 'கன்சோல்' என்று வரிசையாகக் குடித்தாள், வயிறு குடம்போல ஆகி, மாரெல்லாம் நனைந்து, கடைசியில் ஒரு ஏப்பம்தான் வந்தது. வாசற்படியில் அந்தப் பிள்ளை டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீராகக் குடித்துத் தள்ளும் இந்த அம்மாளைப் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் தங்கள் சொற்களைப் பூட்டியே வைத்திருந்ததால் இரவல் வாங்கவும் வழியில்லை. தெரு சும்மா இருக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தார்கள், செங்கல்பொடி போட்டார்கள், சாம்பல் போட்டார்கள். ஜெபசிங் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிப் பார்த்தார். "பூட்டி வைக்கிற பொருளா இது? வகுப்புல முப்பது வருஷம் இதத்தான் கத்தினேன், யாரு கேட்டா? நானும்தான் கேக்கல, என் அண்டாவுல இன்னிக்குப் பூனை தூங்குது" என்றார். திரும்பப் படிக்கலாம் என்று சந்தனமாரி புத்தகத்தைத் திறந்தாள். ஒருமுறை பாத்திரமாகிப்போன சொல் மண்டைக்குள் ஏற மறுத்தது. ராஜதுரை இடையில் நின்று மொழிபெயர்த்தார். சந்தனமாரி கேட்பாள், அவர் சொல்வார், பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்லும், அவர் திருப்பிச் சொல்வார். அப்படிப் பேசினால் பாசம்கூட அரசாங்கக் கடுதாசிபோலத்தான் வந்து சேர்கிறது.

ஏழாம் நாள் மத்தியானம் ராஜதுரை கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். "தப்பா நினைக்காதீங்க மதினி. நாளைக்குக் காலையில கிளம்புதோம். ஹாஸ்டல்ல சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள் சந்தனமாரி. அடுப்படிக்குள் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தண்ணீர் வரும் நாள். யார் வந்தாலும் யார் போனாலும் தண்ணீர் பிடித்துத்தானே ஆக வேண்டும். ஏழு குடத்தையும் கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். அதில் ஒன்று பொன்மாரியினுடையது. கல்யாணத்தின்போது அப்பா ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பித்தளைக் குடம் வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுத்தார். விமானத்தில் குடமா கொண்டுபோவது என்று பொன்மாரி விட்டுப்போனதை, பதினாலு வருஷமாக ஒரு முறை விடாமல் சந்தனமாரி புழங்கிவந்தாள். அது பளிச்சென்று இருந்தது.

பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாரிணி டப்பாவும் கையுமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவள், மெல்ல நடந்து குழாயடிக்கு வந்தாள். வரிசையாகக் குடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், அந்தக் குடத்தின் முன்னால் நின்றுவிட்டாள். குனிந்தாள். டிபன் டப்பாவைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பார்த்தாள். அங்கே ஆணியால் கீறியிருந்தது நாலெழுத்து. எங்கே போனாலும் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் இருக்க நம் பெண்களால் முடியாது, கடல்தாண்டிப் போயும் பொன்மாரி தன் பெயரை மகளின் டப்பாவில் கீறிவைத்திருந்தாள், தமிழில். பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அது அம்மா போட்ட கோலம் என்று தெரியும். குடத்திலும் அதே நாலெழுத்து. டப்பாவையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தடவினாள்.

"மாம்" என்றாள். உதடு கோணியது. எட்டு நாளாக அழாத பிள்ளை, குடத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐ வான்ட் மை மாம்" என்று அழுதாள்.

அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.  முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தனமாரி பிள்ளையின் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லில் ஒன்றுகூடக் கையில் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், தண்ணீராவது குடிப்போம் என்று கையை நீட்டினாள். கை போய்த் தொட்டது சங்கிலியில் கிடந்த அந்தச் சொட்டை டம்ளரை. குழாயில் பிடித்து ஒரே மடக்காகக் குடித்தாள்.

"ஐ ஆல்ஸோ" என்றாள்.

பிள்ளை அழுகையை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தது. சந்தனமாரி தங்கச்சியின் பெயரில் தானும் ஒரு விரலை வைத்தாள். அவளுக்கும் கண்ணீர் கொட்டியது. மார்கழியிலிருந்து தெருவுக்கு முன்னால் அவள் அழுததே இல்லை.

"யூ ஆல்ஸோ?" என்றது பிள்ளை.

"ஐ ஆல்ஸோ. ஐ ஆல்ஸோ."

தாரிணி குடத்தை விட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள், பின்னால் முப்பிடாதி ஆரம்பித்தாள், அப்புறம் வரிசை முழுக்க. குடங்கள் நிரம்பி வழிந்து, எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் தெருவில் ஓடியது, யாரும் குழாயை மூடவில்லை. காரில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த ராஜதுரை ஓடிவந்து பார்த்தார்.  பிறகு போய், பிள்ளையின் பெட்டியை மட்டும் காரிலிருந்து இறக்கி வாசலில் வைத்தார்.

அவர் போன பிறகு ஷோகேஸ் கதவைக் கழற்றிவிட்டார்கள். கறுத்த பாத்திரங்களைத் தெரு பங்கு போட்டு எடுத்துக்கொண்டுபோய், 'மேக்னிஃபிசன்ட்'டில் மாட்டுக்குக் கழுநீர் வைத்தது, 'ஹாஸ்பிட்டாலிட்டி'யில் வடகம் காய வைத்தது. புழங்கப் புழங்க, ஒவ்வொன்றாக ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்தன. சந்தனமாரியும் பிள்ளையும் ஒரே டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்கள். ஒருத்தி சிரித்தால் மற்றவளுக்கு ஆல்ஸோ, ஒருத்திக்குப் பசித்தால் மற்றவளுக்கு ஆல்ஸோ, தூக்கம் வந்தாலும் அதேதான். ஒரு தடவை மட்டும், தண்ணீர் நாளுக்கு முந்தின ராத்திரி, தமிழில் எப்படி என்று பிள்ளை கையால் கேட்க, சந்தனமாரி சொல்லிக்கொடுத்தாள், பிள்ளை அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு அவள் பாயில் வந்து படுத்தது.

அடுத்த தண்ணீர் நாள் விடிந்தபோது கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, புத்தம் புதுசாக. இசக்கிமுத்துதான் முதலில் எடுத்தான். புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து. தெருவில் இதுவரை தமிழில் ஒன்றும் வந்ததில்லை. "ஏ சந்தனம், இது பிள்ளைக்கு வந்தது. மொதச் சொல்லு. இதையாவது பத்திரமா எடுத்து வைப்போமா?" என்றான்.

சந்தனமாரி வாங்கிப் படித்தாள். அதைக் காலிக்குடத்துக்குள் போட்டு, முதல் நடைக்கு அந்தக் குடத்தை மட்டும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நடையில் கிண்ணம் குடத்துக்குள் லொடலொடவென்று அடிபட்டுக்கொண்டே வந்தது.

பத்தடி போயிருப்பாள். பின்னால் கதவு படாரென்று திறந்தது. தூக்கக் கண்ணோடு, இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வாளியோடு ஓடிவந்தது பிள்ளை.

"பெரியம்மா! நானும்!"

கிண்ணத்தில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. சந்தனமாரி நின்றாள்.